கைபேசியில் பணம், காவல் நம் கையில்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வட்டார வேளாண்மை அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து பற்றிப் பேசுவதுதான் இந்த நேரத்தின் வழக்கம். இன்றைக்கு, அவற்றையெல்லாம் வாங்குகிற பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பணத்தைப் பற்றிப் பேச வேளாண்மை அலுவலருக்கு என்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். விளைச்சல் நன்றாக இருந்தும், விற்ற பணம் வீடு வந்து சேராமல் போனால், நாங்கள் சொன்ன விதை நேர்த்திக்கும் உர அளவுக்கும் என்ன பலன்?

இப்போது பணம் நடக்கிற பாதை மாறிவிட்டது. நெல் போட்ட பணம் கணக்குக்கு வருகிறது. பால் பணம் கணக்குக்கு வருகிறது. டீக்கடையில்கூட ஒரு அட்டையை மாட்டி வைத்து, அதைக் கைபேசியில் காட்டினால் பணம் போய்விடுகிறது. கடனும் அதே கைபேசியில் வருகிறது. பங்கு வியாபாரமும் அதிலேயே நடக்கிறது. இதில் நமக்கு லாபம் என்ன, ஆபத்து என்ன, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய பாதை

1904-ம் ஆண்டு நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில் ஒரு கடன் சங்கம் தொடங்கினார்கள். பிறகு 1969-ல் 14 வங்கிகளும் 1980-ல் மேலும் 6 வங்கிகளும் நாட்டுடைமை ஆயின. 1982-ல் நபார்டு வங்கி வந்தது. 1998-ல் கிசான் கிரெடிட் கார்டு என்கிற உழவர் கடன் அட்டைத் திட்டம் வந்தது. இப்படி ஒவ்வொரு படியாக, வட்டிக்கடைக்காரர் வாசலிலிருந்து நம்மை வெளியே கொண்டுவர முயற்சி நடந்துவந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் கடன் வாங்குவது சுலபமான காரியமாகவா இருந்தது? அடங்கலுக்கு ஒரு நாள், சிட்டாவுக்கு ஒரு நாள், வங்கி மேலாளரைப் பார்க்க ஒரு நாள். அவர் கூட்டத்துக்குப் போயிருந்தால் இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் பஸ் செலவு போக, வயல் வேலையும் கெடும். நடுவில் ஒரு புரோக்கர் வந்து, "நான் முடிச்சுத் தர்றேன்" என்று நூற்றுக்கு இவ்வளவு என்று கேட்பார். இதெல்லாம் நமக்கு நஷ்டம்தான். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பாதையில் இன்னொன்றும் இருந்தது. சங்கத்துச் செயலாளர் நம் முகத்தைப் பார்ப்பார். ஜாமீன் கையெழுத்துப் போட வந்த பங்காளி, "ஏம்ப்பா, போன வருசக் கடனே நிக்குதே, இப்ப இது என்னத்துக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். வீட்டில் அந்த அம்மா, "அந்த ஆளை நம்பாதீங்க" என்று சொல்வதற்கு நேரம் இருந்தது. அதாவது, அந்தத் தாமதத்துக்குள்ளே ஒரு காவலும் சேர்ந்து இருந்தது.

கைபேசி வந்து தாமதத்தை எடுத்துவிட்டது. தாமதத்தோடு சேர்த்து அந்தக் காவலையும் எடுத்துவிட்டது. நான் இன்றைக்குச் சொல்ல வந்த சேதி இதுதான். வேகத்தை வைத்துக்கொள்வோம். போன காவலை மட்டும் நாமே திரும்ப ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

என்ன லாபம்?

புதியதைக் கண்டு ஒதுங்குகிறவர்கள் இல்லை நாம். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஏடிடி 27 என்ற நெல் பரவியது. வானொலியில் கேட்டுப் பயிர் செய்த காரணத்தால் அதற்கு "ரேடியோ நெல்" என்றே ஜனங்கள் பேர் வைத்துவிட்டார்கள். அதுபோலத்தான் இந்தப் பண முறையும் பரவிவிட்டது. யுபிஐ என்கிற இந்த முறையைத் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் 2016-ல் தொடங்கியது. 2025 ஆகஸ்டு மாதத்தில், அந்த ஒரே மாதத்தில், நாடு முழுவதும் 2,000 கோடி தடவைக்கு மேல் இதன் வழியாகப் பணம் கைமாறியிருக்கிறது.

முதல் லாபம், நடை மிச்சம். வெளியூரில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்ப முன்பு மணியார்டர் போட வேண்டும். இப்போது வரப்பில் உட்கார்ந்தபடியே அனுப்பலாம். ஸ்மார்ட்போன் இல்லாமல் சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் வழி உண்டு. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதற்கென்று ஒரு முறையைத் தொடங்கியது. வங்கிக்குப் போய்க் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

இரண்டாவது லாபம், இடையில் கை நனைப்பவர் இல்லை. பிரதமர் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக, தவணைக்கு 2,000 ரூபாய் என்று 2019-லிருந்து நேராகக் கணக்கில் ஏறுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கும் பணம் கணக்குக்கே வருகிறது.

மூன்றாவது லாபத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அது எழுத்து ஆதாரம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி போட்டு ரொக்கமாக வாங்கி வந்தால், அந்தப் பணத்துக்குச் சாட்சி நம் மடிதான். அதே பணம் கணக்கில் வந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று வங்கியில் பதிவாகி இருக்கும். பால் பணம், காய்கறிப் பணம், கடலைப் பணம் என்று இரண்டு வருசத்துக்கு வரவு தெரிந்தால், "இவர் கட்டக்கூடிய ஆள்தான்" என்று வங்கிக்காரர் நம்பிக் கடன் கொடுக்க அது ஒரு அத்தாட்சி. ஆகவே, மொத்த வரவையும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியைக் கணக்கு வழியாகவே வாங்குங்கள்.

பட்டாவைச் சரி செய்யுங்கள்

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு சோதனை ஆரம்பித்தது. உழவர் கடன் அட்டைக் கடனைக் கம்ப்யூட்டர் மூலமாகவே பரிசீலித்துக் கொடுப்பது. முதலில் மத்தியப் பிரதேசத்திலும் நம் தமிழ்நாட்டிலும்தான் அதைச் செய்து பார்த்தார்கள். நிலப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரே எடுத்துப் பார்க்கும். நாம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. 2025-ல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் பதிவும் நம் மாநிலத்தில் ஊர் ஊராக நடந்தது. எல்லாம் ஒரே திசையில்தான் போகிறது.

இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். மனுசர் பார்க்கும்போது, "பட்டா தாத்தா பேர்ல இருக்கு, ஆனா பாடுபடுறது இவர்தான், எனக்குத் தெரியும்" என்று கிராம நிர்வாக அலுவலர் ஒரு வார்த்தை சொல்வார். கம்ப்யூட்டருக்கு அந்த வார்த்தை தெரியாது. பட்டாவில் பேர் இருந்தால் நீங்கள் விவசாயி, இல்லாவிட்டால் இல்லை. நாற்பது வருசமாக உழுகிற நிலமாக இருந்தாலும் அதன் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

ஆகவே, பாகப்பிரிவினை வாய்ப்பேச்சாக இருந்தால் பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள். இறந்தவர் பேரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றம் செய்யுங்கள். ஆதாரில் ஒரு பேர், பட்டாவில் ஒரு பேர், பாஸ்புக்கில் ஒரு பேர் என்று இருந்தால், மூன்றையும் ஒன்றாக்குங்கள். "மு. கருப்பன்" என்பதும் "கருப்பன் மு." என்பதும் நமக்கு ஒரே ஆள்தான். மெஷினுக்கு அது இரண்டு ஆள்.

குத்தகைக்கு உழுகிறவர்கள் பாடு இன்னும் சிரமம். நம் மாநிலத்தில் குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்மொழிக் குத்தகைதான் அதிகம் நடக்கிறது. அப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கிக் கடன் கேட்கலாம். ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. நிலப் பத்திரம் இல்லாதவர்களுக்காகவே ஏற்பட்ட வழி இது.

துண்டுக்குள் இருக்க வேண்டிய எண்

இனி ஆபத்துகளுக்கு வருவோம்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. உங்கள் கைபேசியின் ரகசிய எண்ணும் அப்படித்தான் துண்டுக்குள்ளே இருக்க வேண்டும். மகனின் சிநேகிதன், கடைக்காரப் பையன், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்கிறவர், யாருக்கும் அதைச் சொல்லக் கூடாது. வங்கிக்காரர் அந்த எண்ணைக் கேட்கவே மாட்டார். கேட்டால் அவர் வங்கிக்காரர் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதில் ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி ஆபத்து போயிற்று. ரகசிய எண் போடுவது பணம் கொடுப்பதற்கு. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. "உங்க கடலைக்கு முன்பணம் அனுப்புறேன் அண்ணே, வந்ததும் நம்பரைப் போட்டு ஓகே குடுங்க" என்று ஒருவன் சொன்னால், அவன் அனுப்பவில்லை, எடுக்கிறான் என்று அர்த்தம். எங்கள் வட்டாரத்தில் ஒரு கடலை விவசாயிக்கு இப்படித்தான் நடந்தது. மூட்டை நகரவே இல்லை. வாங்க வருவதாகச் சொன்ன ஆளை அவர் கண்ணால் பார்க்கவும் இல்லை. விதைக்கடலை வாங்க வைத்திருந்த பணம் இரண்டே நிமிசத்தில் போய்விட்டது. கெட்டிக்காரர்தான். முன்பின் தெரியாத ஆளுக்குச் சந்தையில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் கடனுக்குத் தரமாட்டார். ஆனால் போனில் அவசரப்படுத்தியபோது யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

அடுத்தது போலிப் படம். அய்யலூர் போன்ற ஆட்டுச் சந்தைகளில் ஆடு மாறுவது வேகமாக நடக்கும். "பணம் போட்டுட்டேன், பாருங்க" என்று வாங்குகிறவர் தன் போனைக் காட்டுவார். அதில் பச்சை நிறத்தில் சரி என்று வந்திருக்கும். அந்தப் படத்தைப் பொய்யாகவும் தயாரிக்க முடியும். அவர் போனைப் பார்த்து ஆட்டை அவிழ்க்காதீர்கள். உங்கள் போனில் உங்கள் கணக்கைத் திறந்து, மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் கயிற்றைக் கொடுங்கள். குறுஞ்செய்தி வந்தது என்பதும் போதாது. அதையும் போலியாக அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, கைரேகை. வங்கி முகவரிடமோ தபால்காரரிடமோ ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்துப் பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி 2018-ல் வந்த பிறகு தபால்காரரே வீட்டு வாசலில் பணம் கொடுக்கிறார். வயதானவர்களுக்கு இது பெரிய உபகாரம். ஆனால், "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க" என்று சொன்னால், முதல் தடவை பணம் எடுபட்டதா இல்லையா என்று ரசீது கேளுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் ரசீது உண்டு. பணம் வாங்காத இடத்தில் விரலை வைக்காதீர்கள். இலவசச் சேலை தருகிறோம், சிம் கார்டு தருகிறோம் என்று விரல் வைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது, வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு. பிரதமர் கிசான் தவணை நின்றுவிட்டது, இதை அமுக்கிச் சரி செய்யுங்கள் என்று ஒரு செய்தி வரும். அமுக்கினால் ஒரு செயலி போனுக்குள் இறங்கும். அது உங்களுக்கு வரும் ரகசிய எண்களை வெளி ஆளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தவணை வரவில்லை என்றால் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள், அல்லது பொதுச் சேவை மையத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் அரசாங்கம் செயலி அனுப்பாது. தமிழக அரசின் உழவன் செயலி 2018-ல் வந்தது. அதை எப்படி இறக்கிக்கொள்வது என்று எங்கள் உதவி அலுவலர்களே காட்டித் தருவார்கள்.

வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து, "உங்களைக் கைது செய்திருக்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று மிரட்டுவதும் நடக்கிறது. வீடியோ மூலம் கைது செய்யும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. போனை வைத்துவிட்டு உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஐந்து நிமிசக் கடன்

எல்லாவற்றையும்விடக் கொடியது கைபேசிக் கடன் செயலி. இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

நடவு நேரம், கூலி கொடுக்க வேண்டும். சங்கத்துக் கடன் வர பத்து நாளாகும். போனில், "ஐந்து நிமிசத்தில் கடன், ஜாமீன் வேண்டாம்" என்று விளம்பரம் வருகிறது. 10,000 ரூபாய் என்று எழுதியிருக்கும். கட்டணம், முன்வட்டி என்று பிடித்துக்கொண்டு கையில் 7,000 ரூபாய் தருவதாக வைத்துக்கொள்வோம். ஏழே நாளில் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். கணக்குப் போடுங்கள். 7,000 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 3,000 ரூபாய். அதாவது வாரத்துக்கு நூற்றுக்குச் சுமார் 43 ரூபாய் வட்டி. நம் ஊர்க் கந்து வட்டிக்காரரே இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்.

இதையே உழவர் கடன் அட்டையில் பாருங்கள். 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க் கடனுக்கு 7 சதவீத வட்டி. காலத்தில் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. மீதி 4 சதவீதம்தான். 7,000 ரூபாய்க்கு ஆண்டு முழுவதற்கும் 280 ரூபாய் வட்டி. ஒரு வாரத்துக்குப் பார்த்தால் ஐந்தரை ரூபாய்கூட வரவில்லை! அந்தப் பக்கம் 3,000 ரூபாய், இந்தப் பக்கம் ஐந்தரை ரூபாய். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க் கடன் வாங்கிக் காலத்தில் கட்டினால் வட்டியே கிடையாது. பத்து நாள் காத்திருப்பதற்கு இதைவிடப் பெரிய கூலி எங்கே கிடைக்கும்? 2025 ஜனவரி முதல், 2 லட்சம் ரூபாய் வரை விவசாயக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு வங்கிக்குப் போங்கள்.

வட்டியோடு விட்டால்கூடப் பரவாயில்லை. செயலியைப் போனில் ஏற்றும்போதே, நாம் சேமித்து வைத்திருக்கும் எண்களையும் படங்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் தவறினால் சம்பந்தி வீட்டுக்குப் போன், மகள் வேலை செய்யும் இடத்துக்குப் போன், முகத்தை ஒட்டிய அசிங்கமான படம். மானத்துக்குப் பயந்து, இதை அடைக்க இன்னொரு செயலியில் கடன், அதை அடைக்க இன்னொன்று என்று போகிறது. இதைத் தாங்க முடியாமல் உயிரையே விட்டவர்கள் உண்டு என்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பெருமக்களே, எந்தக் கடனும் உயிரைவிடப் பெரிது இல்லை. அப்படி யாராவது மிரட்டினால் வீட்டாரிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு போலீசில் சொல்லுங்கள். மானம் போக வேண்டியது மிரட்டுகிறவனுக்குத்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டு, 2025 மே மாதம் அதை மீண்டும் தொகுத்து வெளியிட்டது. கடன் செயலி நம் தொலைபேசி எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. மொத்தச் செலவு, வட்டி எவ்வளவு என்று ஒரு விவரத்தாள் முன்கூட்டியே தர வேண்டும். கடன் வாங்கிய பிறகு மனம் மாறினால், அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகக் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. நம் மாநிலத்தில் 2003-லேயே கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தது. கடன் வசூலில் மிரட்டி வற்புறுத்துவதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

அந்த ஒரு நாள் அவகாசத்தைக் கவனித்தீர்களா? வேகம் கூடிப்போனதால், சட்டமே பழைய தாமதத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

மகன் கையில் பங்கு வியாபாரம்

இப்போது படித்த பிள்ளைகள் கைபேசியிலேயே பங்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். நல்ல கம்பெனிப் பங்கையோ பரஸ்பர நிதியையோ பல வருசத்துக்கு வாங்கி வைப்பது ஒன்று. அது தென்னை வைப்பது போல. காய்க்க நாளாகும், சில வருசம் காய்ப்புக் குறையும். முன்பேர வியாபாரம் வேறு. அதைப் பற்றி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வாரியம் 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில், இந்த முன்பேர வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். எல்லோருடைய நஷ்டத்தையும் கூட்டினால் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நூறு வயலில் 93 வயல் சாவியாகப் போகும் விதையை எந்த விவசாயியாவது விதைப்பானா? பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். இந்தக் கணக்கை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு பொதுவான ஒழுங்கு சொல்கிறேன். அடுத்த சாகுபடிக்கு வேண்டிய பணம், பிள்ளையின் பீஸ், வைத்தியச் செலவு இவை மூன்றும் வங்கியிலோ தபால் ஆபீசிலோதான் இருக்க வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. வாட்ஸ்அப் குழுவில், "மாசத்துல ரெட்டிப்பு" என்று வருவது முதலீடே இல்லை. அது தூண்டில்.

செய்ய வேண்டியவை

இதுவரை சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முடிந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

1. புது விதையை முதலில் ஒரு சென்ட் நிலத்தில் போட்டுப் பார்ப்போம் அல்லவா? அதுபோல, புது ஆளுக்குப் பெரிய தொகை அனுப்புமுன் ஒரே ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேளுங்கள். திரையில் வரும் பேரை வாசியுங்கள்.

2. இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பணம் ஒன்றில் இருக்கட்டும். அதைக் கைபேசியில் இணைக்க வேண்டாம். கைச் செலவுக்கு வேண்டியதை மட்டும் இன்னொன்றில் வையுங்கள். களஞ்சியச் சாவி வேறு, அரிசிப் பானை வேறு.

3. பணம் வாங்க ரகசிய எண் வேண்டாம். திரும்பவும் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம்.

4. எந்தக் கடனுக்கும் எந்த முதலீட்டுக்கும் ஓர் இரவு, ஓர் ஆள். அதாவது, ஓர் இரவு தூங்கி எழுந்து, வீட்டிலோ ஊரிலோ ஓர் ஆளிடம் சொல்லிவிட்டுப் பிறகு செய்யுங்கள். "இப்பவே செய்யணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஒருவர் சொன்னால், அதுவே மோசடிக்கு அடையாளம்.

5. மாதம் ஒரு தடவை பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள்.

6. தாய்மார்கள் பேரில் கணக்கு இருக்கும், போன் மட்டும் வீட்டுக்காரர் சட்டைப் பையில் இருக்கும். இது சரியில்லை. பணம் வந்த செய்தியை அவர்களே பார்க்கவும், எடுக்கவும், அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் மாதம் ஒரு தடவை இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

7. பணம் பறிபோனால் மட்டும் நிதானம் வேண்டாம். அங்கே வேகம்தான் வேண்டும். உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண். போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். மடை உடைந்ததும் மண் போட்டால் தண்ணீர் நிற்கும். விடியட்டும் என்று இருந்தால் வயல் காலி. கூடவே வங்கிக்கும் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதியிலும், சீக்கிரம் தெரிவித்தவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் என்று வைத்தார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் நமக்கே.

பெருமக்களே, ஆற்றில் வெள்ளம் வருகிறது என்பதற்காக நாம் விவசாயத்தை விட்டுவிடவில்லை. வாய்க்கால் வெட்டினோம், மதகு வைத்தோம், எப்போது திறப்பது எப்போது அடைப்பது என்று நீர்க்கட்டியை நியமித்தோம். கைபேசி வழியாக வரும் பணமும் அப்படித்தான். வாய்க்காலை மற்றவர்கள் வெட்டிவிட்டார்கள். மதகு மட்டும் உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. திறக்குமுன் ஒரு நிமிசம் நில்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கிக் கிளையிலோ நேரில் போய்க் கேளுங்கள்.